கறுப்புச் சிலிண்டரும் மெரூன் சிலிண்டரும்

பட்டறைக்குப் புதிதாக வரும் பையனிடம், "இதுல எது ஆபத்தான சிலிண்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் மெரூன் நிறச் சிலிண்டரைக் காட்டுவான். அதில் இருப்பது டி.ஏ., அதாவது அசிட்டிலீன். எரிகிற வாயு, பூண்டு வாடை அடிக்கிற வாயு, பயப்பட வேண்டியதுதான். பக்கத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் கறுப்புச் சிலிண்டரைக் காட்டிக் கேட்டால், "அது வெறும் காத்துதானே அண்ணே" என்பான். முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சொன்னேன்.

திருச்சிக்கு வெளியே ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஹெல்பராகச் சேர்ந்த முதல் மே மாதம் அது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே வெட்டிப் போட்ட சூட்டுத் தகடுகள். வேர்வை தாங்காமல் ஆக்சிஜன் ஓஸைச் சட்டைக் காலருக்குள் விட்டு வால்வைத் திறந்துகொண்டேன். ஐஸ் வைத்தது போல இருந்தது. மேஸ்திரி திட்டவில்லை. வந்து வால்வை மூடினார், என் கையைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனார். "அரை மணி நேரம் இங்கயே நில்லு தம்பி. சட்டையை உதறிக் காயவிடு. பீடி குடிக்கிறவன் பக்கத்துல போயிராத" என்றார். அன்று சாயங்காலம் கை துடைக்கும் பழைய பஞ்சுக் கழிவில் இரண்டு பிடி எடுத்துத் தரையில் தள்ளித் தள்ளி வைத்தார். ஒன்றின் மேல் மட்டும் கொஞ்ச நேரம் ஆக்சிஜனை விட்டார். பிறகு நீளமான கம்பி நுனியில் நெருப்பு வைத்து இரண்டையும் தொட்டார். முதல் பிடி புகைந்து புகைந்து கனன்றது. இரண்டாவது பிடி இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். சூடம்கூட அந்த வேகத்தில் எரியாது.

இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அவர் செய்ததும் சரியல்ல என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் ஆக்சிஜனைக் காற்று என்று சொன்னதில்லை.

கறுப்புச் சிலிண்டர்

கேஸ் கட்டிங்கில் தகட்டை வெட்டுவது எது? பலர் டி.ஏ. தீ என்றுதான் நினைக்கிறார்கள். அந்தத் தீயின் வேலை இரும்பைச் சூடேற்றுவது மட்டும்தான். இரும்பு செக்கச் சிவந்து சுமார் 900 டிகிரியை நெருங்கியதும் டார்ச்சின் லீவரை அழுத்துகிறோம். நடுத் துளை வழியாகச் சுத்த ஆக்சிஜன் பாய்கிறது. அந்த இடத்தில் இரும்பே எரிகிறது. எரிந்த இரும்பு கசடாகக் கீழே கொட்டுகிறது, தகடு இரண்டாகிறது. இரும்பையே விறகாக்கி எரிக்கிற வாயு பருத்திச் சட்டையை என்ன செய்யும், தலைமுடியை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூடிய அறையில் அது 23, 24 என்று ஏறினாலே சாதாரணப் பொருள்கள் எரியும் விதம் மாறத் தொடங்கிவிடும். ஆக்சிஜனுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. கசிந்தால் டி.ஏ. போல மூக்கில் ஏறி எச்சரிக்காது. துணி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் பட்ட துணியோடு கால் மணி நேரமாவது திறந்தவெளியில் நின்றுவிட்டுத்தான் நெருப்புப் பக்கம் வர வேண்டும். அதனால் ஆக்சிஜனை வைத்துச் சட்டைத் தூசி ஊதுவது, வெட்டிய இடத்தைச் சுத்தம் செய்வது, கம்ப்ரஸர் ரிப்பேர் ஆன அன்று டயருக்குக் காற்று பிடிப்பது, பெயிண்ட் ஸ்பிரே அடிப்பது, கிளம்பாத டீசல் இன்ஜினைக் கிளப்ப ஊதிவிடுவது என்று பட்டறைகளில் நடக்கும் எல்லாமே கொலைக்குச் சமம். "பத்து வருஷமா செய்றேன், ஒண்ணும் ஆகல" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. என் ஷெட்டில் செய்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன்.

அடுத்தது எண்ணெய். ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு, ரெகுலேட்டர், ஓஸ் முனை எதிலும் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. நட்டு இறுகிப்போனால் ஒரு சொட்டு ஆயில் விடுவது லேத்துக்காரரின் கைப்பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் ஆளைத் தின்றுவிடும். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். கிரீஸ் கையோடு வந்து சிலிண்டரைத் தொடுபவரைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் நட்டில் டெஃப்ளான் டேப் சுற்றவும் வேண்டாம். உலோகத்தின் மேல் உலோகம் உட்கார்ந்தே அடைபடும் மூட்டு அது. அடைபடவில்லை என்றால் சீட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பொருள்.

அழுத்தம் எவ்வளவு என்பதையும் கையால் தொட்டது போல உணர வேண்டும். நம் ஊரில் புழங்கும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டருக்குள் தண்ணீர் ஊற்றினால் சுமார் 47 லிட்டர் பிடிக்கும். அதற்குள் சுமார் 7 கனமீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜன் அடைத்துத் தருகிறார்கள். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் மேல் மூன்று சிமெண்ட் மூட்டையை ஏற்றி வைத்த கணக்கு. சிலிண்டர் சாய்ந்து விழுந்து கழுத்தில் வால்வு ஒடிந்தால், அறுபது கிலோ இரும்பு ராக்கெட்டாகக் கிளம்பிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். நின்றாலும் நகர்ந்தாலும் சிலிண்டருக்குச் சங்கிலி வேண்டும் என்பது இதனால்தான். ரெகுலேட்டர் மாட்டாத சிலிண்டருக்குக் கேப் வேண்டும். கேப்பைக் கழற்றி ஓர் ஓரமாகப் போட்டு, அதில் ஆணி சேர்த்து வைக்கும் பட்டறைகள் எத்தனையோ.

மெரூன் சிலிண்டர்

அசிட்டிலீனுக்கு ஒரு விநோத குணம் உண்டு. மற்ற எரிவாயுக்களுக்கு எரியக் காற்று வேண்டும். இது வெடிக்கக் காற்றே வேண்டியதில்லை. அழுத்தி அடைத்தாலே, அடித்தாலே, சூடாக்கினாலே உள்ளுக்குள் தானாகக் கரியாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்து வெடிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் ரெகுலேட்டரைத் திறக்கக்கூடாது என்று சொல்வது இதற்காக. கேஜில் அதற்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அது அலங்காரத்துக்கு அல்ல.

அப்படியானால் சிலிண்டருக்குள் மட்டும் 15 கிலோ அழுத்தத்தில் எப்படி இருக்கிறது? 1896-97இல் பிரான்சில் ஜார்ஜ் கிளாடும் ஆல்பர்ட் ஹெஸ்ஸும் அசிட்டிலீன் அசிட்டோனில் கரைந்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு லிட்டர் அசிட்டோன் சாதாரண அழுத்தத்தில் சுமார் 25 லிட்டர் அசிட்டிலீனைக் கரைத்துக்கொள்ளும். அழுத்தம் 12 மடங்கானால் 300 லிட்டர். அந்த அசிட்டோனை உறிஞ்சி வைத்திருக்க, டி.ஏ. சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருளை அடைத்திருக்கிறார்கள். சிலிண்டரைத் தட்டினால் ஆக்சிஜன் சிலிண்டர் போலக் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று இருப்பது அதனால்தான். டி.ஏ. என்ற பெயரே 'டிஸால்வ்டு அசிட்டிலீன்', அதாவது 'கரைந்த அசிட்டிலீன்' என்பதன் சுருக்கம். அந்த நுண்துளைப் பொருளைச் சீர்படுத்தியவர்களில் ஒருவர் ஸ்வீடனின் குஸ்தாவ் டாலன். கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கி வாயுக் கருவிகளுக்காக 1912இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டு அசிட்டிலீன் சோதனை ஒன்றில் நடந்த வெடிப்பில் இரண்டு கண்களையும் இழந்தார். இந்த வாயுவை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

கோலி சோடா குடித்தவர்களுக்கு மீதியைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. டி.ஏ. சிலிண்டரும் ஒரு பெரிய சோடா பாட்டில்தான். படுக்கப் போட்டால் திரவம் வாய்க்கு வரும். அவசரமாக உறிஞ்சினால் நுரைத்துக்கொண்டு வரும். அசிட்டோன் வெளியேறிவிட்டால் உள்ளே காலி இடம் உருவாகும், அசிட்டிலீன் பாதுகாப்பில்லாமல் தங்கும், ரெகுலேட்டரின் ரப்பர் பாகங்களும் வீணாகும். எனவே டி.ஏ. எப்போதும் நின்றபடி இருக்க வேண்டும். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரமாவது பொறுத்துத் திறங்கள். ராத்திரி முழுக்க நிற்கவிட்டால் இன்னும் நல்லது. சிலிண்டரின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் இழுக்காதீர்கள். பெரிய ஹீட்டிங் டார்ச் வைத்து ஷாஃப்டைச் சூடேற்றும் வேலை என்றால் ஒரே சிலிண்டரைப் பிழியாமல் இரண்டு மூன்றை முறையாக இணைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தாமிரம். ஓஸ் நடுவில் பொத்தலாகிவிட்டால், ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் ஒரு துண்டு காப்பர் குழாய் வாங்கி இரண்டு பக்கமும் செருகி, கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுவது நம் ஊர் வைத்தியம். ஆக்சிஜன் ஓஸிலேயே அது தப்பு. டி.ஏ. ஓஸில் செய்தால், தாமிரமும் அசிட்டிலீனும் சேர்ந்து காலப்போக்கில் குழாயின் உட்சுவரில் ஒரு வெடிபொருளை உண்டாக்கிவிடும். லேசாகத் தட்டினாலே வெடிக்கும் சரக்கு அது. வெள்ளிக்கும் பாதரசத்துக்கும் அதே குணம் உண்டு. பித்தளை இணைப்பு பரவாயில்லை, அதில் தாமிரத்தின் பங்கு குறைவு. பொத்தலான ஓஸுக்கு ஒரே வைத்தியம், புது ஓஸ்.

கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு டிரம்மில் வாயு உண்டாக்கும் பழைய முறை சின்னப் பட்டறைகளில் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. மாங்காயைப் பழுக்கவைக்கக் கள்ளத்தனமாகப் பயன்படுத்துகிறார்களே, அதே கல். என் தீர்ப்பு ஒன்றுதான்: மிச்சமாகும் பணம் அந்த அபாயத்துக்கு ஈடல்ல.

ரெகுலேட்டர் மாட்டும்போது

சிலிண்டர் வந்ததும் நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளையும் படியுங்கள். ஆக்சிஜனுக்குக் கறுப்பு, அசிட்டிலீனுக்கு மெரூன், ஆர்கானுக்கு மயில் நீலம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரையறை. பெயிண்ட் உரிந்து, மேலே வேறு நிறம் அடித்து வரும் சிலிண்டர்களை நான் வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கழுத்துப் பக்கம் ஹைட்ராலிக் சோதனைத் தேதி அடித்திருக்கும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதனை. தேதி தாண்டியிருந்தால் அதையும் ஏற்காதீர்கள். இவை எல்லாம் 2016இன் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருபவை. மேற்பார்வை நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெசோ எனும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு.

ரெகுலேட்டரை மாட்டுமுன் வால்வின் வாயை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு கணம் லேசாகத் திறந்து மூடுங்கள். உள்ளே இருக்கும் தூசி பறந்துவிடும். டி.ஏ.யில் இதைச் செய்யும்போது சுற்றிலும் நெருப்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரெகுலேட்டரை மாட்டி, அதன் திருகைத் தளர்த்துங்கள். இடப்பக்கம் திருகித் திருகி, கையில் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆட வேண்டும். அதற்கப்புறம்தான் சிலிண்டர் வால்வு.

இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் அடிபடுகிறார்கள். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சூடாகும், தெரியும் அல்லவா? ஆக்சிஜன் வால்வைச் சடாரென்று திறந்தால், ரெகுலேட்டருக்குள் இருந்த காற்று ஒரு நொடியில் 150 மடங்கு நசுங்கும். கணக்குப்படி அந்த வெப்பம் 900 டிகிரியைத் தாண்டும். உள்ளே ஒரு ரப்பர் துணுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ரெகுலேட்டரே எரிந்து முன்பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் கேஜுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். முள் மெதுவாக ஏற ஏற, மெதுவாகத் திறங்கள். முள் நின்றதும் ஆக்சிஜன் வால்வை முழுக்கத் திறந்துவிடலாம். டி.ஏ. வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்கவே கூடாது. அதைத் திறக்கும் சாவியை வால்வு மேலேயே விட்டுவிடுங்கள். ஆபத்து வந்தால் அந்த வால்வை உடனே மூட வேண்டியிருக்கும். சாவி மேஸ்திரியின் பையிலோ, டூல் பாக்ஸின் அடியிலோ இருந்தால், அந்தப் பத்து நொடியை யார் திருப்பித் தருவார்கள்?

ஆக்சிஜனுக்கு வலப்பக்கத் திருகு, எரிவாயுக்களுக்கு இடப்பக்கத் திருகு. எரிவாயு நட்டின் விளிம்புகளில் வெட்டு போட்டிருக்கும். இரவிலும் விரல் தடவியே கண்டுபிடிக்கலாம். நட்டு ஏற மறுத்தால் அடம்பிடிக்காதீர்கள், நீங்கள் தப்பான சிலிண்டரில் இருக்கிறீர்கள். ஓஸில் நீலம் ஆக்சிஜனுக்கு, சிவப்பு அசிட்டிலீனுக்கு, ஆரஞ்சு எல்.பி.ஜி.க்கு. சிவப்பு ஓஸை எல்.பி.ஜி.க்கு ஓட்டினால் அதன் ரப்பர் நாளடைவில் கெட்டுப்போகும். மாட்டி முடித்ததும் எண்ணெய் கலக்காத சோப்பு நுரையை எல்லா மூட்டிலும் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் மகான்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பற்றவைப்பதும், தீ உள்ளே போவதும்

மதியச் சாப்பாடு முடிந்து வந்து டார்ச்சைப் பற்றவைக்கும் நேரம்தான் மோசமானது. இடைவேளையில் ஒரு பக்கத்து வாயு மற்றப் பக்கத்து ஓஸுக்குள் நுழைந்து கலந்திருக்கலாம். அந்தக் கலவைக்கு நெருப்பு வைத்தால் ஓஸ் வழியாகத் தீ சிலிண்டரை நோக்கி ஓடும். அதனால் ஒவ்வொரு ஓஸையும் தனித்தனியாகச் சில நொடி ஓடவிட்டு, பழைய வாயுவை வெளியேற்றிவிட்டே பற்றவையுங்கள். டி.ஏ.வை முதலில் திறந்து, பொறி லைட்டரால் பற்றவைத்து, பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது டி.ஏ. முதலில், பிறகு ஆக்சிஜன். சிகரெட் லைட்டர் வேண்டாம். சூட்டில் அதுவே ஒரு குட்டி வெடிகுண்டு.

'டப்' என்று ஒரு சத்தம் போட்டுத் தீ அணைந்தால் அது பேக் ஃபயர். நாசில் தகட்டில் முட்டியிருக்கும், அடைத்திருக்கும், அல்லது அழுத்தம் குறைந்திருக்கும். அணைத்து, ஆறவிட்டு, நாசிலைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஆனால் தீ மறைந்து, டார்ச்சுக்குள் விசில் போலச் சீறும் சத்தம் கேட்டு, கைப்பிடி சூடேறி, கறுப்புப் புகை வந்தால் தீ உள்ளே போய்விட்டது, அதுதான் ஃபிளாஷ்பேக். அப்போது வரிசை மாறும்: டார்ச்சில் ஆக்சிஜன் முதலில், உடனே டி.ஏ., பிறகு ஓடிப்போய் இரண்டு சிலிண்டர் வால்வுகளும். வீட்டில் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவது போல இதை ஹெல்பருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். டார்ச் முனையில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வாயுவைத்தான் தடுக்கும், தீயைத் தடுக்காது. இரண்டும் வேண்டும்.

டி.ஏ. சிலிண்டரின் உடம்பு ஓரிடத்தில் சூடாகத் தெரிந்தால், உள்ளே பிரிவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள், தூக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, 101க்கோ 112க்கோ அழைத்து, வந்தவர்களிடம் "உள்ளே டி.ஏ. இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். தூரத்தில் மறைவாக நின்று தண்ணீர் அடித்துக் குளிர்விப்பது அவர்கள் வேலை.

எரியாத வாயுக்கள்

வெல்டிங்கில் புழங்கும் ஆர்கானும் சி.ஓ.டூவும் எரியாது. அதனாலேயே அவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை. இரண்டும் காற்றைவிடக் கனம். டேங்க், குழி, பெரிய பைப் என்று எதற்குள்ளாவது வெல்டிங் செய்யும்போது அவை அடியில் தேங்கிக் காற்றை வெளியே தள்ளிவிடும். ஆர்கானால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் சரிவார். சரிந்தவரை இழுக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். கயிறும் ஊதுகாற்றும் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. உள்ளே வேலை செய்யும்போது சிலிண்டர் வெளியே நிற்க வேண்டும். சாப்பிடப் போகும்போது டார்ச்சையும் ஓஸையும் வெளியே எடுத்துவிட்டுப் போங்கள். உள்ளே விட்டுவிட்டுப் போன டி.ஏ. ஓஸ் கசிந்திருக்கும், திரும்பி வருபவர் லைட்டரைத் தட்டுவார்.

சி.ஓ.டூ கேஜை நம்பி ஏமாறாதீர்கள். உள்ளே அது திரவம். கடைசிச் சொட்டுத் திரவம் ஆவியாகும் வரை முள் அசையாது, பிறகு ஒரேயடியாக விழும். மிச்சம் எவ்வளவு என்று அறிய எடை போடுவதே வழி.

இடமும் வண்டியும்

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி, கிடங்கில் ஆக்சிஜனுக்கும் எரிவாயுவுக்கும் நடுவே 20 அடி இடைவெளி இருக்க வேண்டும், அல்லது ஐந்தடி உயரத்துக்கு அரை மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு வேண்டும். நம் ஷெட்டுகளில் இருபதடி கிடைப்பது கஷ்டம். ஹாலோ பிளாக்கில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவது ஒரு நாள் வேலை. வெயிலில் வைக்காதீர்கள். நகர்த்த டிராலி வாங்குங்கள். இல்லாத பட்சத்தில் அடிவிளிம்பில் சாய்த்து உருட்டலாம், கேப்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது, கிரேன் காந்தத்தில் ஒட்டித் தூக்கவே கூடாது. பைக்கின் குறுக்கே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போகும் காட்சி நம் ஊரில் தினமும் பார்ப்பதுதான். டி.ஏ.வையும் அப்படிக் கொண்டுபோகிறார்கள். காலி சிலிண்டரையும் முற்றிலும் காலி செய்யாமல் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைத்து, வால்வை மூடி, 'காலி' என்று சாக்பீஸால் எழுதி, தனியாக நிறுத்துங்கள்.

பழைய டீசல் டிரம்மை, டேங்கை வெட்டக் கொண்டுவருபவர் "காலிதான் அண்ணே" என்பார். திரவம் காலிதான், ஆவி காலியாகியிருக்காது. நீராவியால் கழுவி, வாயு இல்லை என்று கருவி வைத்துச் சோதித்த சான்று இருந்தால் தொடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு கூலி கொடுத்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

படித்தது போதும். இப்போதே எழுந்துபோய் உங்கள் டி.ஏ. சிலிண்டரின் தலையில் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.